சுற்றாமல் வந்த கேசட்

ஞானையாவின் இடது கை வீடியோ கேசட்டின் வாயை விரித்துப் பிடித்திருந்தது. வலது கை, பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, உள்ளே இருந்த கறுப்பு நாடாவை அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. துணி நனைந்திருந்தது என்னுடைய ஸ்பிரிட்டில். கண்புரை அறுவை முடிந்து அன்றோடு மூன்றாம் நாள். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. குனியக் கூடாது, கண்ணுக்குப் பக்கத்தில் ஆவி, நெடி எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனிதர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தார்.

"சார், அது இன்சுலின் ஊசிக்குன்னு வெச்சிருக்கற ஸ்பிரிட்டு."

"ஒரு மூடி தாம்மா எடுத்தேன். பூஞ்ச புடிச்சிகினு கீது பாருங்க, வெள்ள வெள்ளயா."

"கேசட்டுக்குப் புடிச்சா போவட்டும். கண்ணுக்குப் புடிச்சா உங்க பொண்ணுக்கு நான் தான் பதில் சொல்லணும். அப்படித் தொடச்சே ஆகணும்னா பஞ்சு தரேன், ஒரு வாரம் கழிச்சுத் தொடைங்க."

"பஞ்சா? அய்யய்யோ, பஞ்சு ஆகவே ஆகாது. நூல் ஒட்டிக்கும். அப்புறம் டெக்கு காலி. தோச்சுத் தோச்சுக் கிழிஞ்ச பனியன் தான் கரெக்டு."

எனக்குப் பயிற்சியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். திறந்த புண்ணில் பஞ்சை வைக்காதே, நூல் உள்ளே தங்கிவிடும். எனவே இந்த மனிதருக்கு வேலை தெரியும் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, ஸ்பிரிட் பாட்டிலைப் பிடுங்கி என் பையில் போட்டேன்.

நான் கங்கையம்மாள். வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வயது அறுபத்தேழு. இரும்புலியூர் சிக்னல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெயவேலுதான் எனக்குப் பாதி வேலைகளைப் பிடித்துக் கொடுப்பார். இந்த வேலையும் அவர் சொன்னது. பத்து நாள். வேளைக்குச் சொட்டு மருந்து, காலையும் இரவும் ஊசி, ஆள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞானையாவுக்கு எழுபத்தாறு வயது. தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் முப்பத்தாறு வருடம் எலெக்ட்ரீஷியன். இரும்புலியூரில் ஒரு ஹாலும் இரண்டு அறையும் உள்ள சொந்த வீடு. மனைவி ரோஸி இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள் ஷீலா கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள், பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம். ஞாயிறு சர்ச் முடிந்ததும் வருவாள். ஃபிரிட்ஜை நிரப்புவாள், துணி மெஷினைப் போடுவாள், நாலு மணிக்குக் கிளம்புவாள். கெட்ட பெண் இல்லை. அப்பா தன்னோடு வந்து இருக்கட்டும் என்றுதான் சொல்கிறாள். ஆனால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டும் கூட வரக் கூடாது. அவை வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்கிறார் இவர். பேச்சு அங்கேயே நிற்கிறது, வருடக்கணக்கில்.

அந்தக் கேசட்டுகளில் சினிமா ஒன்றுகூட இல்லை. எல்லாம் டி.வி.யில் வந்த பல்சுவை நிகழ்ச்சிகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் அப்போது இருந்த ஒரே சேனலில் ஒன்றரை மணி நேரம் போடுவார்களே, அவை. பொம்மையைப் பேசவைக்கிறவர், தொப்பியிலிருந்து கோழிக்குஞ்சு எடுக்கிறவர், ஜலதரங்கம் வாசிக்கிற அம்மாள், பத்து நிமிட நாடகம், பலகுரல். ஞானையா 1986இல் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வீடியோ டெக் வாங்கினார். தெருவில் மற்றவர்கள் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். இவர் மட்டும் ஒரு விரலைப் பாஸ் பட்டனில் வைத்துக்கொண்டு, விளம்பரம் வந்தால் நிறுத்தி, முடிந்தால் விட்டு, பல்சுவையைப் பதிவு செய்தார். கரண்ட் போனால் பதிவு கெடுமே என்று லாரி பேட்டரி ஒன்றைக் கட்டிவைத்தார். பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார். அது இல்லாவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. பிறகு ஒரு சீட்டில் யார் யார், என்ன நிகழ்ச்சி, எத்தனை நிமிடம் என்று எழுதி டப்பாவுக்குள் வைப்பார்.

"படம் எல்லார்கிட்டயும் கீது. இது யார்கிட்ட கீது சொல்லுங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.

ஹாலின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினொன்று நின்றன. தெருவே வந்து உட்கார்ந்து பார்த்த நாளில் வாங்கியவை. அந்தத் தெருக்காரர்கள் இப்போது இல்லை. வீட்டை விற்றார்கள், அடுக்குமாடி எழும்பியது, வந்தவர்களுக்கு இவர் பெயர் தெரியாது. இவர் தினமும் மாலை ஆறு மணிக்கு மேலே இருக்கும் ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துப் போட்டு, எட்டு மணி வரை ஒரு கேசட் பார்ப்பார். முடிந்ததும் நாற்காலியை மறுபடி அடுக்கின்மேல் வைத்துவிடுவார். நான் மூன்று மாலை உடன் இருந்தேன். நாடகத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் இவர் சிரிக்கவில்லை. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற ஷெட்காரர் மாதிரி பார்த்தார். சிரிக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும் போல.

கேசட்டுகள் எல்லாம் அலமாரியில் நிமிர்ந்து நின்றன. ஒன்று மட்டும் டி.வி.க்குக் கீழே படுத்துக் கிடந்தது. நான்காம் நாள் தூசி துடைக்கும்போது அதை எடுத்தேன்.

"அத்த வெச்சிடுங்கம்மா."

"அலமாரில நிறுத்தறேன் சார்."

"வேணாம். அது அங்கதான் கெடக்கணும். அது சுத்தாம வந்த கேசட்டு."

அப்புறம் கதையைச் சொன்னார்.

பெருங்களத்தூரில் யக்ஞநாராயணன் என்று ஒருவர். ஓய்வு பெற்ற தபால் துறைக்காரர். அவரும் இதே பைத்தியம். 1993இல் தாம்பரத்தில் ஒரு வீடியோ கடையை மூடி மலிவு விலைக்குக் கேசட் விற்றபோது இருவரும் ஒரே கேசட்டைக் கையில் பிடித்தார்கள். அன்று ஆரம்பித்த பழக்கம். இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் சந்திப்பார்கள். ஒருவர் கேசட்டை ஒருவர் மாற்றிக்கொள்வார்கள். பத்து நிமிடம் நின்று, போன மாதம் வாங்கிய கேசட்டைப் பற்றிப் பேசிவிட்டு, ஆளுக்கொரு படியில் இறங்கிப் போய்விடுவார்கள். அவ்வளவுதான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஒருவர் வீட்டில் எத்தனை பேர் என்று மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. ரோஸி இறந்ததைக்கூட இவர் பாலத்தில் நின்றுதான் சொன்னாராம். அவர் அந்த மாதம் இரண்டு கேசட் அதிகமாகக் கொடுத்தாராம்.

நாலு வருடமாக இருவருக்கும் முழங்கால் வலியால் படி ஏற முடியவில்லை. அதனால் ஜெயவேலு கடையில் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு ரூல் தாம்மா. பாத்துட்டு முழுசா சுத்தி, ஆரம்பத்துக்குக் கொண்டாந்துதான் திருப்பித் தரணும். பாதில நிறுத்தி வெச்சா டேப்பு அந்த எடத்துல கெட்டுப்பூடும். பூஞ்ச ஏறும். அது அவருக்குத் தெரியாததா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். முப்பது வருசத்துல ஒரு தபா மிஸ் ஆனதில்ல. போன வருசம் இத்த வாங்கினுப் போனாரு. பாதில நிறுத்தி அப்டியே அனுப்பிட்டாரு. ஒரு சீட்டு இல்ல. ஒரு வார்த்த இல்ல."

"போன் பண்ணிக் கேக்கறது?"

"நான் ஏம்மா கேக்கணும்? அவர்தான் சொல்லணும். ரெண்டு மாசம் கழிச்சு அவர் நம்பர்லேந்து போன் வந்துது. எடுத்து ஹலோ ஹலோன்றேன், பதில் இல்ல. மூச்சு உடுற சத்தம் மட்டும் கேக்குது. இன்னா வெளையாட்டா? வெச்சிட்டேன். கேசட்டு வந்து பதினோரு மாசம் ஆச்சு. இத்த நான் சுத்த மாட்டேன். அவர் வந்து, அவர் கையால சுத்தட்டும்."

என் கையில் இருந்த டப்பாவைத் திருப்பினேன். ஓரத்தில் ஒரு பழைய பிளாட்பாரம் டிக்கெட் ஒட்டியிருந்தது. மஞ்சள் அட்டை, மூலை கிழிந்தது.

அந்த டிக்கெட்டை நான் முன்பே பார்த்திருந்தேன்.

போன வருடம் பெருங்களத்தூரில் ஐந்து மாதம் வேலை பார்த்தேன். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. காதும் புத்தியும் போகவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளைத்தான் பார்த்துக்கொள்வது கடினம், ஏனென்றால் நாம் பேசுவது எல்லாம் அவர்களுக்குப் புரியும். அங்கே எல்லோரும் அவரைத் தாத்தா என்பார்கள், என் நோட்டில் 'பெரியவர்' என்றே எழுதுவேன். மருந்துச் சீட்டில்தான் முழுப் பெயர் இருந்தது. ஞானையா சொன்னபோது அது உடனே தட்டவில்லை. டிக்கெட்டைப் பார்த்ததும் தட்டியது.

நான் போன முதல் நாளே மருமகள் தீபா மருத்துவக் கட்டிலுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவருடைய கேசட்டுகள் பழைய சாமான்காரரிடம் போய்விட்டிருந்தன. அந்த அலமாரியில் டயப்பர் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. டெக்கும் போக வேண்டியது. அதற்குள் ஒரு கேசட் இருந்தது. "ஆன்ட்டி, இது யாரோட கேசட்டோ. டப்பால இரும்புலியூர் மெடிக்கல் ஷாப்புன்னு எழுதிருக்கு. போறப்ப குடுத்துடறீங்களா?" என்றாள். நான் பட்டனை அமுக்கினேன். வெளியே வந்தது. டப்பாவில் போட்டேன். ஜெயவேலு கடையில் கொடுத்தேன்.

ஜெயவேலு கேட்டார், "இன்னாக்கா, பெரியவர் வரலியா?"

"வரல."

"ஒடம்பு கிடம்பு நல்லா கீறாரா?"

"இருக்கார்."

"ஜட்ஜு மாதிரி பேசறியேக்கா" என்று சிரித்தார்.

எங்கள் வேலையில் ஒரு வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. நோய், சண்டை, சொத்து, எதுவாக இருந்தாலும். பயிற்சியில் இதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் முப்பது வருடம் அதை மீறவில்லை. அதனால்தான் எனக்கு வேலை வருகிறது.

அந்தப் போன் விஷயமும் எனக்குத் தெரியும். பெரியவர் இடது கையில் மொபைலை வைத்துக்கொண்டு எதையோ அமுக்கிக்கொண்டே இருப்பார். ஒருநாள் காதில் வைத்துக்கொண்டிருந்தார். சும்மா நோண்டுகிறார் என்று வாங்கி வைத்தேன்.

டப்பாவை இருந்த இடத்தில் படுக்கவைத்துவிட்டு, மதியச் சொட்டு மருந்தை எடுக்கப் போனேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது.

ஏழாம் நாள் காலை, இட்லி சாப்பிட்டு முடித்து, ஞானையா ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே இரண்டு கேசட்டும் மடித்த காகிதமும்.

"கங்காம்மா, மருந்து வாங்கப் போறீங்கல்ல? இத்த ஜெயவேலு கடைல குடுத்திடுங்க. பெருங்களத்தூருக்குப் போவட்டும். அவரோட ரெண்டு கேசட்டு எங்கிட்ட நின்னு பூட்ச்சு. சுத்தித்தான் வெச்சிருக்கேன். நான் ரூல மீறல."

"சீட்டுல இன்னா எழுதிருக்கீங்க?"

"படிங்க. ரகசியம் ஒண்ணுமில்ல."

படித்தேன். நல்ல கையெழுத்து. 'தங்கள் கேசட்டுகள் இரண்டையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். இனி நமக்குள் கேசட் மாற்றிக்கொள்வது வேண்டாம். ஞானையா.' அவ்வளவுதான். இது போனால் தீபா பிரித்துக் கட்டில் பக்கத்தில் நின்று படிப்பாள். அவர் கேட்பார். பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"சார், உக்காருங்க."

"இன்னாமா, சொட்டு மருந்தா?"

"இல்ல. உக்காருங்க. எழுந்துக்கக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணக் கசக்கக் கூடாது. அதச் சுத்தாம அனுப்புனது அவர் இல்ல. நான்."

மூடாத கண்ணால் என்னைப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன். பக்கவாதம், கட்டில், டெக், பட்டன், ஜெயவேலு கடை, போன். நோயாளியின் நிலையைத் தெரிவிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

வாசலில் காஸ் வண்டிக்காரர் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனார்.

"பதினோரு மாசமாவா?"

"ஆமா."

"உயிரோட கீறாரா?"

"போன மாசம் வரைக்கும் இருக்கார்னு கேள்வி. எனக்கப்புறம் வேற ஆள் போட்டுட்டாங்க."

"ரூல் தெரியாதாம்மா உங்களுக்கு?"

"உங்க ரூலு எனக்கெப்படி சார் தெரியும்? எங்க ரூல இப்ப மீறிட்டேன், அது தெரியும்."

என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சீட்டை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் தீபாவுக்குப் போன் செய்தேன். "ஐயோ, அந்தக் கேசட் அங்க்கிளா! வாங்க ஆன்ட்டி, நாளைக்குக் காலைல வாங்க. லெவன்க்கு பிசியோ வருவார், அதுக்கு முன்னாடி வந்துடுங்க. தாத்தா அப்படியேதான் இருக்கார்" என்றாள். ஞானையாவிடம், நாளைக் காலை போகிறோம் என்பதையும் அந்தக் கடைசி வரியையும் மட்டும் சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு அவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். பிறகு அடுக்கிலிருந்து இன்னொன்றையும் எடுத்துப் போட்டு, என்னை உட்காரச் சொன்னார். டி.வி.க்குக் கீழே கிடந்த கேசட்டை எடுத்து வாயைத் திறந்தார். அவர் சொன்னது சரிதான். வெளியே தெரிகிற இடத்தில் நாடா முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஸ்பிரிட்டை இந்த முறை நானே எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் நகர்த்த, நான் பனியன் துணியால் துடைத்தேன். மெதுவாக, ஒரே திசையில். ஒரு மணி நேரம் ஆனது. காயவிட்டு டெக்கில் போட்டார்.

நீலத் திரை, கோடு கோடாக ஓடியது, பிறகு படம் வந்தது. ஒரு அம்மாள் பீங்கான் கிண்ணங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஜலதரங்கம் வாசித்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம்கூட இல்லை. முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கைதட்டல். அறிவிப்பாளர் பெண் வந்து, அடுத்து பலகுரல் என்றாள். ஞானையா பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"அடுத்துதான் ரயிலு. ஒரு ஆளு பீச்-தாம்பரம் எலெக்ட்ரிக் வண்டிய வாயாலயே ஓட்டுவான், மூன்றர நிமிசம். பழைய மீட்டர்கேஜ் வண்டி. மோட்டார் ஏறுற சத்தம் கரெக்டா இருக்கும். முப்பத்தாறு வருசம் கேட்ட காது சொல்லுது, கரெக்டு. அந்த வண்டியே இப்ப கெடையாது. அதப் பாக்கணும்னுதான் அவர் வாங்கினுப் போனாரு." டப்பாவைத் திறந்தார். "கிண்ணத்தோட நின்னுட்டாரு. பாக்கல."

அதற்குமேல் ஓட்டவில்லை. கேசட்டை அப்படியே வெளியே எடுத்து, டப்பாவில் போட்டார். எட்டு மணி வரை இருவரும் அணைந்த டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். நான் இரவு ஊசியைப் போட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு தெருமுனை ஆட்டோக்காரர் மாரியைக் கூப்பிட்டோம். மாரி வாசலில் நின்று சாமான்களைப் பார்த்தார். ஒரு டெக், மூன்று கலர் ஒயர், துணிப்பையில் மூன்று கேசட், பதினான்கு அங்குலப் பழைய டி.வி. ஒன்று.

"இன்னா நைனா, வூடு காலி பண்றியா? கண்ண வேற மூடிகினுகீற."

"புது டி.வி.ல இந்த ஒயரு மாட்ட ஓட்ட இருக்குமோ இருக்காதோ. அதான் டி.வி.யோட போறேன். தூக்கி வையி."

"நீங்க தூக்காதீங்க சார்" என்றேன்.

"நான் எங்கம்மா தூக்கறேன்? அவன்தான் தூக்கறான்."

தூக்கியது மாரிதான். ஆனால் வழி முழுக்க டி.வி.யை மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஞானையா. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் அவர் நெற்றியைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் போனதே இல்லாத தெருவில் நான் வழி சொன்னேன்.

தீபா கதவைத் திறந்தாள். உள்ளே, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் யக்ஞநாராயணன் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் வலது கையைத் தலையணைமேல் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். ஞானையா அறை வாசலில் நின்றுவிட்டார். பாலத்தில் எதிரெதிரே நின்று பார்த்தவர்கள். ஒருவரை ஒருவர் உட்கார்ந்தோ படுத்தோ பார்த்ததில்லை.

"சார்" என்றார் ஞானையா. "லேட்டு தான். பதினோரு மாசம்."

யக்ஞநாராயணன் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. ஞானையா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடித்துப் பழக்கமில்லை. குனியாமல் தரையில் உட்கார்ந்து, ஒயர்களை மாட்ட ஆரம்பித்தார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அவருக்கு ஒரு கண் போதுமாக இருந்தது.

எல்லாம் தயாரானபோது மணி பத்து.

"சார், சொட்டு மருந்து."

"இப்பவாம்மா? மூன்றர நிமிசம் பொறுங்க."

"பத்துன்னா பத்து. தல சாயுங்க."

சுவரில் தலையைச் சாய்த்து வைத்து, மருந்தை விட்டேன். ஐந்து நிமிடம் இரண்டு கண்ணும் மூடியிருக்க வேண்டும் என்றேன். முணுமுணுத்தார். மூடிய கண்ணோடு கையால் தடவிப் பட்டனை அமுக்கினார்.

கிண்ணத்துக்கார அம்மாளின் கும்பிடு வரவில்லை, நேற்று அது ஓடிவிட்டது. நேரே அந்த ஆள் வந்தார். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட சட்டை. மைக்கை வாயருகே வைத்தார். முதலில் காற்று விடும் சத்தம். பிறகு ரயில் கார்டின் மணி, இரண்டு தட்டு. அப்புறம் மோட்டார் அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே ஏறியது, ஏறியது, தண்டவாள இணைப்புகள் தடதடவென்று வேகம் பிடித்தன. எனக்கே பல்லாவரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தீபா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். யக்ஞநாராயணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஞானையா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கேட்டார்.

வண்டி தாம்பரத்தில் நின்றது. கைதட்டல். ஞானையா தடவி நிறுத்தினார்.

"சவுண்டு கரெக்டா சார்?" என்று கேட்டார், பாலத்தில் கேட்கிற மாதிரி.

பதில் வராது என்பது கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். நான் நிமிர்த்தினேன்.

யக்ஞநாராயணனின் இடது கை மேலே எழுந்தது. ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றில் வட்டம் போட்டார். மறுபடியும் போட்டார்.

"ஃபேனா தாத்தா?" என்று தீபா ஓடிப்போய் ஃபேனைப் போட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். விரல் நிற்கவில்லை.

"ஸ்பீடா வைக்கணுமா?"

ஐந்து நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஞானையா கண்ணைத் திறந்துவிட்டார். விரலைப் பார்த்தார்.

"ஃபேன் இல்லமா" என்றார். "சுத்தணும்ன்றாரு."

ஒயர் வருகிற தூரத்துக்கு டெக்கைக் கட்டில்வரை நகர்த்தினார். இந்த முறை நானும் தூக்கினேன். இடது கைப்பக்கம் படுக்கைமேல் வைத்தோம். ரிவைண்ட் பட்டன் எங்கே என்று ஞானையா காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. விரல் இரண்டு முறை வழுக்கியது, மூன்றாம் முறை அமுக்கியது. நாடா பின்னோக்கி ஓடத் தொடங்கியது. நாலு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடத்துக்குமேல் ஆனது. 'டக்' என்று நின்றது.

ஞானையா கேசட்டை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணால் பார்த்தார். நாடா முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தது. டப்பாவில் போட்டார். பையிலிருந்து மற்ற இரண்டு கேசட்டையும் எடுத்து, டயப்பர் பொட்டலங்களைக் கொஞ்சம் நகர்த்தி, அலமாரியில் நிமிர்த்தி வைத்தார். அந்த வீட்டில் அவை இரண்டுதான்.

"ரெண்டாவது சனிக்கெழம வரேன் சார்" என்றார். தேதியைத் தீபா அடுக்களைக் காலண்டரில் வட்டமிட்டாள். பதினொரு மணிக்குப் பிசியோ வந்து அழைப்பு மணியை அடித்தார். நான் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினேன். ஞானையா மாரிக்குப் போன் போட்டு, டி.வி.யைத் தூக்க உள்ளே வரச் சொன்னார்.